பதினான்கு கிலோ செங்கல்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே உன் அப்பாவின் முதுகைத் தவிர மற்ற எல்லாம் நலம். நீயும் மாப்பிள்ளையும் பேத்தி பட்டாணியும் அங்கே நலமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில்தான் பேனாவை எடுத்தேன். போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் நான் போனைக் கையில் எடுத்தாலே உன் அப்பா எந்த அறையில் இருந்தாலும் வந்து பக்கத்தில் நின்றுகொள்கிறார், பாதிப் பேச்சை அவரே பேசிவிடுவார். இப்போது முடிவெட்டப் போயிருக்கிறார். கடையில் கூட்டம் இருக்க வேண்டுமென்று வேண்டிக்கொண்டு எழுதுகிறேன்.

போன மாதம் நீ சொன்னாயே, "பேசாம நீங்க ரெண்டு பேரும் வீட்லயே இருங்கம்மா, அந்தத் தெக்கத்தி ஊர நாங்க மூணு நாள் சுத்திப் பாத்துட்டு, திரும்புற வழியில வந்து ஒரு நாள் இருந்துட்டுப் போறோம், அப்பாவால அவ்வளவு நடக்க முடியாது, இவ வேற தூக்கு தூக்குன்னு நிப்பா" என்று. நானும் சரி என்றுதான் சொன்னேன். ஆனால் மனசு கேட்கவில்லை, அதை மறைப்பானேன். ஐந்து வருஷம் கழித்து வருகிறாய், பேத்தியை இதுவரை போனில்தான் பார்த்திருக்கிறோம், ஒரு நாளில் எங்கள் முகம் அவளுக்குப் பழகுவதற்குள் நீங்கள் பெட்டியைக் கட்டிவிடுவீர்கள். உன் அப்பா அன்றைக்குச் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிட்டார். மறுநாள் காலையில் ஷேவ் செய்துகொண்டே, நாம் ஒரு சோதனை ஓட்டம் போய் வருவோம் என்றார். முப்பத்தோரு வருஷம் பஸ் டிப்போவில் நேரம் எழுதின மனிதர், புத்தி வேறெங்கே போகும். புதிய தடத்தில் ஆட்களை ஏற்றுவதற்கு முன் மணல் மூட்டைகளை ஏற்றி ஒருதரம் ஓட்டிப் பார்ப்பார்களாம், எங்கே இறக்கம், எங்கே திணறும், எத்தனை நிமிடம் என்று எல்லாம் தெரிந்துவிடுமாம். பட்டாணியின் எடை பதினான்கு கிலோ என்று டாக்டர் சொன்னதாக நீ சொல்லியிருந்தாய் அல்லவா, வீட்டுக்குப் பின்னால் கிடந்த செங்கற்களில் நாலரையை எடுத்துத் துண்டில் சுற்றி, உன் பழைய பள்ளிக்கூடப் பையில் போட்டு, மளிகைக் கடைத் தராசில் நிறுத்து வந்துவிட்டார். வீடு கட்டப் போகிறீர்களா என்று கடைக்காரர் கேட்டதற்கு, இல்லை, ஊர் சுற்றப் போகிறோம் என்றாராம். அந்த ஆள் இன்னும் என்னைப் பார்த்தால் பரிதாபமாகத்தான் சிரிக்கிறார்.

விடியற்காலை ரயிலேறி ஒன்பது மணிக்கு அங்கே இறங்கினோம். ஊர் நன்றாக இருக்கிறதடி. ரொம்பப் பெரிதும் இல்லை, சின்னதும் இல்லை, பராக்குப் பார்த்துக்கொண்டே நடக்கலாம். முதலில் அருங்காட்சியகம். வாசலில் காவலாளி பையைத் திறக்கச் சொன்னார். துண்டைப் பிரித்தால் செங்கல். என்ன சார் இது என்றார். உன் அப்பா கொஞ்சமும் யோசிக்காமல் பேத்தி என்றார். எனக்கு அங்கேயே பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது. நான் முழுக் கதையையும் சொன்னேன், காவலாளி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எல்லாம் சரிங்கம்மா, ஆனா பையோட உள்ள விட மாட்டாங்க, பேத்திய லாக்கர்ல வச்சிட்டு டோக்கன் வாங்கிக்குங்க" என்றார். அப்புறம் ஆற்றோரம் ஒரு சாப்பாட்டுக் கடை, மீனைத் தணலில் சுட்டு எலுமிச்சை பிழிந்து தருகிறார்கள், முள் கம்மி, பட்டாணிக்குப் பயமில்லாமல் கொடுக்கலாம். உன் அப்பா இரண்டாவது மீன் கேட்டார், டாக்டர் சொன்னதை ஞாபகப்படுத்தினேன், இது சோதனைக்காக என்றார். எதற்கெடுத்தாலும் அன்றைக்கு அதே பதில்தான்.

மத்தியானம்தான் மணிக்கூண்டு. நூற்றெண்பது படி, உள்ளே சுழன்று சுழன்று போகிறது. மேலே நின்றால் ஆறு கடலில் சேருகிற இடம் தெரியுமாம். பையை மார்பில் கட்டிக்கொண்டு ஏற ஆரம்பித்தார். தையல் மிஷின் மிதித்து மிதித்து என் முழங்கால்தான் ஊரறிந்த சங்கதி, நான் பின்னால் மெதுவாகப் போனேன். எழுபத்தோராவது படியில் பையோடு உட்கார்ந்துவிட்டார். மூச்சு வாங்குகிறது, முகமெல்லாம் வேர்வை. தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு, "அவ சொன்னது சரிதான், நாம வீட்லயே இருந்துக்கலாம்" என்றார். உன் அப்பா தோற்றுப்போய்ப் பேசி நான் கேட்டதில்லை. வம்புக்கு இழுக்கக்கூட மனசு வரவில்லை எனக்கு. பையை நான் வாங்கிக்கொள்கிறேன் என்றேன், தரவில்லை, படிப்படியாக உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினார்.

கீழே மரத்தடி பெஞ்சில் சாய்ந்திருந்தோம். எங்களுக்கு முன்னால் ஒரு இளம் ஜோடி, நாலு வயது இருக்கும் ஒரு பெண் குழந்தையோடு, டிக்கெட் வாங்குமிடத்தில் நின்று ஏதோ வாதாடிக்கொண்டிருந்தார்கள். என்னவென்று பார்த்தால் அங்கே ஒரு பலகை. ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு மேலே அனுமதி இல்லை. நம் பட்டாணிக்கு மூன்றுதானே ஆகிறது. கொட்டை எழுத்தில் எழுதியிருக்கிறது. வாழ்க்கை முழுக்க டிப்போவில் நேரப் பலகை எழுதி மாட்டின மனிதர், தன் மூக்குக்கு நேரே இருந்ததைப் படிக்காமல் பதினான்கு கிலோவைத் தூக்கிக்கொண்டு ஏறியிருக்கிறார். நானும்தான் படிக்கவில்லை, அதை விடு. அந்தப் புருஷன் முதலில் ஏறினான், மனைவி குழந்தையோடு எங்கள் பெஞ்சுப் பக்கம் வந்து நின்றாள். அவன் இறங்கி வந்ததும் அவள் தனியாக ஏறினாள். குழந்தை அதற்குள் எங்கள் பையைக் குடைந்து செங்கல்லைக் கண்டுபிடித்துவிட்டது. அவ்வளவுதான், இங்கே வை, அங்கே வை என்று அது மேஸ்திரி வேலை பார்க்க, உன் அப்பா குனிந்து குனிந்து நாலரைச் செங்கல்லில் வீடு கட்டினார், இடித்தார், மறுபடி கட்டினார். முதுகு போனது அங்கேதான், படியில் இல்லை. போகும்போது குழந்தை, நாளைக்கும் கல் கொண்டு வருவீங்களா என்று கேட்டது. அதன் அம்மா மட்டும், மேலே ரொம்ப அழகா இருந்துச்சு, ஆனா பக்கத்துல காட்டுறதுக்குத்தான் யாரும் இல்ல என்று சிரித்துக்கொண்டே சொன்னாள்.

பட்டாணி பிறந்ததிலிருந்து நீயும் மாப்பிள்ளையும் சேர்ந்து ஒரு காபி குடித்ததில்லை என்று நீ ஒருநாள் சொன்னது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. அதனால் வெட்கத்தை விட்டுக் கேட்கிறேன் மகளே, எங்களையும் கூட்டிக்கொண்டு போ. உங்களோடு ஈடுகொடுத்து நடக்க மாட்டோம், அதை ஒப்புக்கொள்கிறோம். மூன்று நாளில் பத்து இடம் வேண்டாம், நாலு போதும். உன் அப்பா பட்டாணியைத் தூக்கவும் மாட்டார், அதை நான் பார்த்துக்கொள்கிறேன். ஆனால் மணிக்கூண்டில் கீழே ஒரு ஆள் வேண்டும் இல்லையா, நாங்கள் இரண்டு பேர் இருக்கிறோம், பெஞ்சும் நிழலில் இருக்கிறது. செங்கல்லை அவர் இன்னும் பையிலிருந்து எடுக்கவில்லை, ஏனென்று நான் கேட்கவும் இல்லை.

மாப்பிள்ளையை நேரத்துக்குச் சாப்பிடச் சொல். பட்டாணியின் கால் அளவை ஒரு தாளில் வரைந்து மறக்காமல் அனுப்பு, செருப்பு வாங்க வேண்டும். படியில் உட்கார்ந்த கதையை நான் எழுதியதாகக் காட்டிக்கொள்ளாதே. எல்லாரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இருங்கள். ரயிலில் திரும்பும்போது உன் அப்பா நோட்டை எடுத்து ஒவ்வொரு இடத்துக்கும் நிமிடம் எழுதினார், அவர் தூங்கியதும் எடுத்துப் பார்த்தேன். அருங்காட்சியகம் ஐம்பது, சாப்பாடு நாற்பது. மணிக்கூண்டு, மகளும் மாப்பிள்ளையும் என்று எழுதி, எதிரே எண் போடாமல், அவசரமில்லை என்று எழுதியிருக்கிறார்.

உன் பதிலுக்காக வாசலைப் பார்த்திருக்கும்
அம்மா