வண்டி மூக்கில் ஒட்டிய பூச்சிகள்

ஜூன் 2, செவ்வாய்

ஆஸ்பத்திரியிலிருந்து ஐந்து மணி நேரத்தில் வர வேண்டிய வீட்டுக்கு எட்டு மணி நேரம். இவருக்குக் கண்ணில் ஊசி போட மொத்தமே பத்து நிமிஷம்தான். மீதியெல்லாம் பூச்சி. மழை விட்ட வாரம், ஏரியோரச் சாலை, சாயங்காலம். இவருடைய பழைய காரின் மூக்கு முழுக்க அப்பிக்கொண்டது. நான் ஒரு கொட்டாவி விட்டு முடிப்பதற்குள் "நிறுத்து, பூச்சி" என்கிறார். நிறுத்தினால் ஈரத்துண்டை முன்பக்கம் போர்த்தி, ஊறட்டும் என்று பத்து நிமிஷம் நிற்க வேண்டும். அப்புறம் விரலால் தடவித் தடவி எடுப்பார். காய்ந்தால் பெயின்டை அரித்துவிடுமாம். எனக்குத் தெரியாதா? கல்யாணமான நாளிலிருந்து கேட்கிறேன்.

பார்வைக்கு நடுவே கறுப்பாக ஒரு வட்டம் இவருக்கு. எதிரே நிற்கும் என் முகம் தெரியவில்லை. கிரில் கம்பியில் கொசு செத்துக் கிடப்பது மட்டும் எப்படித் தெரிகிறதோ.

ஜூன் 3, புதன்

தோள் இரண்டும் கழன்றுவிடும் போல. அந்தக் காலத்து ஸ்டியரிங், ஒவ்வொரு வளைவுக்கும் உடம்பையே திருப்ப வேண்டும். நூலகத்தில் மூன்று புத்தகத்துக்குத் தேதி முத்திரையைத் தப்பாகக் குத்தினேன்.

ஜூன் 7, ஞாயிறு

மகள் போனில்: "மாசாமாசம் எதுக்கும்மா இந்தப் பாடு? வாடகை கார்ல போய்ட்டு வாங்களேன்."

இவர் காதில் விழுந்துவிட்டது. "அதுல நான் வெறும் பார்சல். இதுல எந்தச் சத்தம் எங்கேர்ந்து வருதுன்னாவது சொல்வேன்" என்றார்.

மூன்று வருஷம் லீவு நாளெல்லாம் உட்கார்ந்து, துரு சுரண்டி, தன் கையாலேயே வெண்ணெய் நிறம் அடித்த வண்டி. கண் நன்றாக இருந்தபோது கடைசியாக முடித்த வேலை.

ஜூன் 28, ஞாயிறு

நாளை மறுநாள் மறுபடி ஊசி. ஒரு யோசனை வந்தது. நூலகத்தில் கிழிந்த புத்தகத்தின் முதுகுக்கு ஒட்டும் அகல டேப், கண்ணாடி மாதிரி இருக்கும். அதை வண்டி மூக்கு முழுக்க ஒட்டிவிட்டேன். பூச்சி அதன் மேல் ஒட்டட்டும். வீட்டுக்கு வந்து உரித்தால் தீர்ந்தது.

"பெயின்டுக்கு ஆகுமா?" என்று இழுத்தார். "ரெண்டு நாள்தானே" என்றேன்.

ஜூன் 30, செவ்வாய்

டேப் நன்றாகவே வேலை செய்தது. ஆனாலும் நாலு தடவை நிறுத்தச் சொன்னார். தண்ணீர் வேண்டுமாம். கால் மரத்துவிட்டதாம். என்ஜினில் சூட்டு வாசனையாம் — எனக்கு ஒரு வாசனையும் வரவில்லை. இந்த மனுஷனுக்கு நிறுத்தாமல் போகவே தெரியாது.

ஜூலை 2, வியாழன்

போச்சு. எல்லாம் போச்சு.

நேற்று அலுப்பில் உரிக்கவில்லை. இரண்டு நாள் வெயில். இன்றைக்கு உரிச்சா டேப்போட பெயின்டும் வந்துடுச்சு. விளக்குக்குக் கீழே, உள்ளங்கை அளவுக்கு, வெறும் தகரம். பூச்சி இத்தனை வருஷத்துல பண்ணாததை நான் ஒரு நிமிஷத்துல பண்ணிட்டேன். அந்த டேப்பை உரிச்சா தாள் கிழியும், டேப் வராது — வாசகர்கள்கிட்ட தினம் சொல்றவ நான்தானே? எனக்கு புத்தி எங்க போச்சு?

இவரிடம் சொல்லவில்லை.

ஜூலை 5, ஞாயிறு

பைண்டிங்குக்கு வாங்கி மிஞ்சிய ரெக்சின் துணியில் வண்டி மூக்குக்கு ஒரு உறை தைத்தேன். காற்றுப் போக கிரில் இருக்கும் இடத்தை வெட்டிவிட்டு, ஓரமெல்லாம் எலாஸ்டிக். பூச்சிக்கு என்று சொன்னேன். பூச்சிக்கும்தான்.

ஜூலை 28, செவ்வாய்

ஆஸ்பத்திரி வாசலில் நின்று உறையைத் தடவிப் பார்த்தார். "நல்லா தெச்சிருக்க. கடையில வாங்கினா கூட இப்படிப் பொருந்தாது."

நெருப்பில் நின்ற மாதிரி இருந்தது. திரும்பும்போது ஐந்து தடவை நிறுத்தினோம். திட்டக்கூட எனக்குத் தெம்பில்லை.

ஆகஸ்ட் 25, செவ்வாய்

இனி ஊசி வேண்டாம் என்றார் டாக்டர். போட்டும் பயனில்லை. இருப்பது இருக்கும் வரை இருக்கும்.

இனி மாதாமாதம் இந்தச் சாலை இல்லை. இதைத்தானே வேண்டிக்கொண்டிருந்தேன்? வழி முழுக்க அழுகை வந்தது, ஓட்ட வேண்டியிருந்ததால் அழவில்லை.

ஆகஸ்ட் 30, ஞாயிறு

காலையில் கேட்டார்: "அந்த உறையை எடேன். வெளிச்சத்துல ஒரு தடவை வண்டியப் பாத்துக்கறேன்."

சொல்லிவிட்டேன். டேப், வெயில், தகரம், உறை, எல்லாவற்றையும்.

"தெரியும்" என்றார். "நீ உரிச்ச மறுநாளே தடவிப் பாத்தேன்."

"அப்புறம் ஏன் ஒரு வார்த்தை கேக்கல?"

"கேட்டா, இனிமே நான் ஓட்டலன்னு சொல்லிடுவியோன்னு பயமா இருந்துச்சு."

இரண்டு மாதம் ஒரே வீட்டில், ஒரே உறைக்கு ஆளுக்கொரு பக்கம் ஒளிந்துகொண்டிருந்திருக்கிறோம். உறையைக் கழற்றினேன். தலையைச் சாய்த்து, ஓரக்கண்ணால் ரொம்ப நேரம் பார்த்தார்.

செப்டம்பர் 6, ஞாயிறு

மகள் வீட்டுக்குப் போனோம், உறை இல்லாமல். நல்ல மத்தியான வெயில். காய்ந்த பொட்டல் சாலை, கண்ணாடியில் ஒரு பூச்சி இல்லை. ஒரு மணி நேரம் ஓட்டியிருப்பேன். கொட்டாவி வந்தது, சத்தமாகவே விட்டேன்.

"நிறுத்து" என்றார். "பூச்சி."

திரும்பிப் பார்த்தேன். நேராகச் சாலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஓரமாக நிறுத்தினேன். துண்டை நனைத்துக் கொடுத்தேன். அவர் ஒன்றுமில்லாத மூக்கை நிதானமாகத் துடைக்க, நான் சீட்டைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டேன்.