இரண்டாவது அடிக்கு முன்னால்

மார்ச் 4

அன்புள்ள பெரியவனுக்கு, அப்பா சொல்லச் சொல்லக் கீழ்வீட்டுத் தையல்காரர் எழுதுவது.

ஜெயிலில் தூக்கம் வருகிறதா? தம்பியை நேற்று ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வந்தேன். இடது கண் போனது போனதுதான். தாடைக்குக் கம்பி கட்டியிருக்கிறது, எதையும் அரைத்துத்தான் தருகிறேன்.

வீடியோ கேமுக்கா இப்படி என்று தெருவே கேட்கிறது. எனக்கு எழுத்துதான் வராது, கண்டது மறக்காது. ஐம்பத்தாறு சுற்றுப் பந்தயம். நீ சிவப்புக் கார், அவன் நீலம். கடைசிச் சுற்றில் கொண்டை ஊசி வளைவில் உள்பக்கமாக மூக்கை நுழைத்தான், உன் முன்சக்கரம் பிய்ந்து பறந்தது. "அப்பா லாரி ஓட்டுற மாதிரியே ஓட்டுறேடா!" என்று சிரித்தான். மேசையில் முடுக்கியிருந்த கேம் ஸ்டீயரிங்கை இரும்புப் பிடியோடு பிடுங்கினாய். மூன்று அடி. மூன்றாவது விழும்போது அவன் தரையில் கிடந்தான்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

கைநாட்டு, அப்பா


மார்ச் 19

அப்பா,

இங்கே ஒருத்தன் என் முன்பல்லை உடைத்துவிட்டான். அந்த வலியே தெரியவில்லை. கண்ணை மூடினால் தம்பி முகம்தான்.

ஒன்று கேட்கிறேன், கோபப்படாதீர்கள். அவன்தான் முதலில் அடித்தான் என்று கோர்ட்டில் சொல்லுங்கள். தண்டனை பாதியாகும். நம் மூன்று பேரைத் தவிர அங்கே யாரும் இல்லை. அவனுக்கோ அன்றைக்கு நடந்தது எதுவும் நினைவில்லையாமே.

விடுதலையாகிப் போகிற ஒருவனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். தையல்காரர் படித்ததும் கிழித்துவிடட்டும். தம்பிக்குத் தெரிய வேண்டாம்.

உங்கள் பெரியவன்


ஏப்ரல் 2

பெரியவனே,

உன் ஆள் வந்த அன்று தையல்காரர் ஊரில் இல்லை. "அண்ணன் கடிதமா, குடுப்பா" என்று தம்பி ஆசையாகக் கை நீட்டினான். நானும் மடையன், கொடுத்தேன். ஒற்றைக் கண்ணால், பல்லைத் திறக்காமலே, கடைசி வரி வரைக்கும் எனக்குக் கேட்கப் படித்தான். "கிழிக்கணுமாப்பா?" என்றான். கடிதத்தை மடித்து என் கையில் வைத்து, "அண்ணன் கேட்ட மாதிரியே சொல்லிடுப்பா. நான் ஒத்துக்கறேன்" என்றான்.

விட்டேன் ஒரு அறை, அந்தக் கம்பி கட்டிய தாடையிலேயே. வாயோரம் ரத்தம் வழிந்தது. அவன் துடைக்கக்கூட இல்லை.

கோர்ட்டில் நடந்ததை நடந்தபடி சொல்வேன். மூன்று அடியும் நீ அடித்தது. அவன் விரல்கூட ஓங்கவில்லை. போன கடிதத்தில் ஒன்றை விட்டுவிட்டேன். மறந்து போய் இல்லை. முதல் அடி விழுந்ததும் கையைத் தாழ்த்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாய். "விடாதே, நொறுக்குடா!" என்று கத்தினேன். முப்பத்தொரு வருஷம் லாரி ஓட்டிச் சோறு போட்டவனைப் பார்த்துச் சிரித்தானே என்ற ஆத்திரம். அதற்குப் பிறகுதான் மற்ற இரண்டு அடியும். கண் போனது அதில்தான். இதையும் சொல்வேன்.

அப்பா


அண்ணா, தையல்காரர் இன்னும் வரவில்லை, அப்பா சொன்னதை நானே ஒரு சொல் மாற்றாமல் எழுதிவிட்டேன். கட்டைவிரலில் மை தடவிக்கொண்டு எதிரே உட்கார்ந்திருக்கிறார். காகிதத்தை நான் இன்னும் அவர் பக்கம் நகர்த்தவில்லை.

தம்பி