கண் திறவாத சீர்வரிசைக் கணிப்பொறி

நலம் ஓங்குக, நீரும் நெல்லும் நிறைக.

கிழக்கே கடலையும் மேற்கே உப்பங்கழியையும் வேலியாகக் கொண்ட ஆழித்துறை நாட்டை ஆள்பவரும், சங்குக்கொடி உயர்த்தியவரும், புயலுக்கும் பகைக்கும் உரிய காலத்தில் கதவடைக்கத் தெரிந்தவருமான கோப்பெருந்தேவி திரைவென்ற நாச்சியாராகிய யாம், அருவி ஓயாத மழைக்குன்ற நாட்டின் கோமானும், தேன்கூட்டுக் கொடிக்கு உரியவரும், எம் ஒரே மகன் இளஞ்சுறவனுக்குப் பெண் கொடுத்த சம்பந்தியாருமாகிய முகிலங்கோ வேந்தர்க்கு, வலம்புரிப்பட்டினத்து அரண்மனையிலிருந்து விடுக்கும் ஓலை. தங்கள் மலையில் மழை தப்பாது பெய்க. தங்கள் யானைகள் நோயின்றி வாழ்க. தங்கள் முழங்கால் வலி தணிக. எம் இல்லத்தில் யாவும் நலம், ஒன்றைத் தவிர. அந்த ஒன்றைப் பற்றியதே இவ்வோலை.

சென்ற தை மாதத்துத் திருமணத்தில் தாங்கள் சீராக அனுப்பிய குத்துவிளக்குகள் நன்கு எரிகின்றன, அண்டாக்கள் ஒழுகவில்லை, பசுக்கள் குறைவின்றிக் கறக்கின்றன. ஆயின் அவற்றோடு பட்டுப் போர்த்தி வந்த கணிப்பொறி இன்று காலை கண் திறக்க மறுத்துவிட்டது. துறைமுகத்துக்கு வரும் கலங்களின் விவரம் முதல் எம் மடைப்பள்ளியின் மிளகு இருப்பு வரை தங்கள் மகள் நறுவீ அதில்தான் வைத்திருக்கிறாள். வழக்கம்போல் அவள் பொத்தானை அழுத்தினாள். உள்ளே விசிறி சுழலும் ஓசை எழுந்தது. திரையோ இருண்டே கிடந்தது. அணைத்துவிட்டு மறுபடி அழுத்தினாள். மறுபடியும் அதே இருள்.

ஐயம் எமக்கு உடன்பிறந்தது. அதை யாம் மறைப்பதில்லை. எம் கணவர் மறைந்த நாள்தொட்டு இந்நாடு எம் ஐயத்தைக் காவலாகக் கொண்டே நிலைத்திருக்கிறது. ஆகவே வெளிப்படையாக உரைப்போம். எங்கோ மூலையில் கிடந்த பழம்பொறிக்குப் பட்டுத்துணி போர்த்தி எம் தலையில் கட்டிவிட்டீர்களோ என்பது எம் முதல் ஐயம். இரண்டாவது அதனினும் கொடியது. தங்கள் நாட்டுத் தேன் விழாவுக்குச் சென்றுவரத் தங்கள் மகள் அண்மையில் விடை கேட்டாள். கணவன் கடலோடியிருக்கும்போது வீட்டு மருமகள் ஊர் சுற்றலாகாது என யாம் மறுத்தோம். அவள் முகம் வாடிய சில நாட்களிலேயே பொறியும் படுத்துவிட்டது. இதைத் தற்செயல் என்று நம்புவதற்கு யாம் காதில் பூ வைத்துக்கொண்டு அரியணை ஏறவில்லை.

பொறி பழையதெனில் வஞ்சித்தவர் தாங்கள். பழுதாக்கப்பட்டதெனில் வஞ்சித்தவள் தங்கள் மகள். எவ்வாறாயினும் பொறியும் பெண்ணும் ஒருங்கே தங்கள் வாயிலுக்குத் திரும்புவதே முறை எனத் தெளிந்து, பல்லக்கைக் கொணர ஆணையிட்டோம். ஆயினும் பழி கூறும் ஓலையில் அப்பழிக்குரிய சான்றும் அமைய வேண்டும் என்பது எம் நாட்டு வழக்கு. ஆதலின் பொறியை எம் கண்முன் சோதிக்கச் செய்து, நடப்பதை நடக்கும்போதே எழுதுமாறு ஓலைநாயகம் உப்பூரனை அருகில் அமர்த்தியிருக்கிறோம்.

சோதிக்கத் தக்கவர் யாவர் என வினவியபோது, தானே சோதிப்பதாகத் தங்கள் மகள் விண்ணப்பித்தாள். திருட்டு வழக்கில் திருடனையே ஆராயவிடுவது போலன்றோ இது என எண்ணினோம். ஆயின் அப்பொறிக்கு முன்புறம் எது, பின்புறம் எது என்று அறிந்தவர் இவ்வரண்மனையில் வேறு எவரும் இலர். ஆகவே அவள் கைகளை விட்டுக் கண்ணெடுப்பதில்லை என்ற உறுதியோடு இசைந்தோம்.

முதற்கண் சுவரிலிருந்த மின்செருகியில் எம் படுக்கையறை விளக்கைப் பொருத்தச் சொன்னாள். விளக்கு எரிந்தது. மின்சாரத்தில் குறையில்லை எனக் கண்டோம். அடுத்துத் திரைக்கெனத் தனியே வரும் மின்வடத்தைத் தொட்டுக் காட்டினாள். திரையின் ஓரத்தில் சிறு விளக்கு மினுக்கியது. திரைக்கும் பொறிக்கும் இடையிலான வடத்தைக் கழற்றி வேறொன்றை மாட்டினாள், பயனில்லை. பின்னர் அச்சுப்பொறி, ஒலிபெருக்கி, எம் மகன் விளையாட வைத்திருந்த கைப்பிடி, கண்போல் விழிக்கும் கேமரா என இணைந்திருந்த யாவற்றையும் ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். கேமரா நீங்கியதில் எமக்கு மகிழ்ச்சியே. அதன் கண்ணை யாம் முதல்நாளே துணியிட்டு மூடச் செய்திருந்தோம்.

அதன்பின் அவள் கேட்டது எமக்கு வியப்பளித்தது. வாயிலில் முழங்கும் காலை முரசைச் சற்றே நிறுத்தினால், பொறி ஏதேனும் சொல்கிறதா எனக் கேட்கலாம் என்றாள். முரசு நின்றது. அவள் பொத்தானை அழுத்தினாள். பொறியின் வயிற்றிலிருந்து நீண்ட கூவல்கள் மூன்று எழுந்தன.

உடனே கோட்டைக் கதவுகளை அடைக்க ஆணையிட்டோம். தங்கள் மலைக்காவலர் ஒருவருக்கொருவர் குறிப்புணர்த்தக் கொம்பூதுவதும் மும்முறையன்றோ? எவருக்குச் செய்தி போகிறது என அதட்டினோம். அவள் சிறிதும் கலங்காமல், இது எவருக்கும் அனுப்பும் செய்தியன்று, நினைவுச்சில்லு தனக்கு எட்டவில்லை எனப் பொறி முறையிடும் ஒலி என்றாள். அதை அவள் எவ்வாறு அறிவாள் என வினவ, தந்தையார் இல்லத்திலும் ஒரு பொறி மழைக்காலத்தில் இவ்வாறு கூவியதுண்டு என்றாள். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாள் என்று உள்ளம் குளிர்ந்தோம். நோய்வாய்ப்பட்ட குடும்பத்துப் பொறியையே தாங்கள் எமக்கு அனுப்பினீர்கள் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ? பல்லக்குக்கு மெத்தை விரிக்கச் சொன்னோம்.

அவள் மின்வடத்தை முற்றும் நீக்கி, பொறியின் இரும்புச் சட்டத்தைக் கையால் ஒருமுறை தொட்டுவிட்டு, திருகாணிகளைக் கழற்றிப் பக்கமூடியைத் திறந்தாள். அடைத்திருந்த கருவறையைத் திறந்தாற்போல் மணம் எழுந்தது. உள்ளே தகடு, வடம், விசிறி எதற்கும் அதனதன் நிறம் இல்லை. யாவும் கருத்து, பிசுபிசுத்து, சாம்பல் அப்பிக் கிடந்தன. அந்த மணத்தை எவரும் எமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. சாம்பிராணி.

இதைத் தங்களுக்கு விளக்க வேண்டும். எம் நாட்டில் மனைக்குப் புதிதாக வரும் எதற்கும் கண்ணேறு கழிய ஓராண்டுக் காலம் அந்திதோறும் சாம்பிராணிப் புகை காட்டுவோம். மற்றப் பொருட்களுக்கு ஒரு சுற்று போதும். மலை கடந்து வந்த இப்பொறியை யாம் தொடக்கம் முதலே நம்பாமையால், தூபக்காலை அதன் முகத்தருகிலேயே பிடிக்கச் செய்தோம். அதுவோ புகையை உள்ளிழுத்துக் குடித்தது. புகையைக் குடிக்கும் பொருளுக்குள் ஏதோ குடியிருக்கிறது என ஐயுற்று, மறுநாள் முதல் இருமடங்கு இடுமாறு பணித்தோம். உள்ளிருக்கும் விசிறி காற்றை இழுக்கும் என்பதும், காற்றோடு புகையும் பிசினும் போய்ப் படியும் என்பதும் இன்றுதான் எமக்குத் தெரிந்தது.

உப்பூரன் எழுத்தாணியை நிறுத்தி எம் முகத்தைப் பார்த்தான். எழுது என்றோம்.

மேலே எழுதியவற்றை நெருப்பில் இட்டுவிட்டு வேறோலை தொடங்கினால் என்ன என்ற எண்ணமும் எமக்கு வந்தது. ஆயின் பட்டப்பெயரோடு தொடங்கிய ஓலையை அழிக்க எம் நாட்டில் அரசிக்கும் உரிமையில்லை. ஆகவே அச்சொற்கள் அத்தனையையும் தாங்கள் படித்தே ஆகவேண்டும். அதற்கு வருந்துகிறோம்.

அவள் மெல்லிய தூரிகையால் விசிறியையும் தகடுகளையும் துடைத்தாள். விரல் நீளமுள்ள நினைவுச்சில்லை வெளியே எடுத்து, கறுத்துப்போன அதன் பொற்பற்களைத் தன் பெட்டியிலிருந்த ரப்பர் துண்டால் பையத் தேய்த்தாள். எழுதியதை அழிக்க ஒரு பொருள் உண்டென்பதே உப்பூரனுக்குப் புதுமை. அதை வாங்கி முகர்ந்து பார்த்தான். பற்கள் பளபளத்ததும் சில்லை மீண்டும் அதன் பள்ளத்தில் வைத்து, இருமுனையிலும் சொடுக்கென்னும் ஓசை கேட்கும்வரை அழுத்தினாள். மூடியை மூடி, வடத்தைப் பொருத்தி, பொத்தானை அழுத்தினாள். கூவல் இல்லை. திரையில் ஒளி பரந்தது. கலங்களின் விவரமும் மிளகு இருப்பும் வைத்தவாறே இருந்தன.

அப்போதும் எம் ஐயம் அடங்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறோம். புகை கேடு செய்யும் என அறிந்திருந்தும் முன்னரே உரைக்காதது ஏன் என்று கேட்டோம். மாசி மாதத்திலேயே உரைத்ததாகவும், புகைக்கு அஞ்சுவது பொறியா நீயா என யாம் திருப்பிக் கேட்டதாகவும் கூறினாள். உண்மை. கேட்டோம். அவையில் பணிப்பெண்கள் சிரித்ததும் நினைவிருக்கிறது.

பல்லக்கைத் திருப்பி அனுப்புமாறு பணித்து, எம் கைவளையைக் கழற்றி அவளிடம் நீட்டினோம். அவள் வாங்கவில்லை. வணங்கி, ஒன்று கேட்க இசைவு வேண்டினாள். பொறிக்குள் புகை இல்லாமல், உண்மையாகவே ஒரு சில்லு தானாக இறந்துபோயிருந்தால், இந்நேரம் தன்னை அனுப்பியிருப்பீர்களா என்று கேட்டாள். ஓலைநாயகம் எழுதிக்கொண்டிருக்கும் அவையில் பொய்யுரைக்க யாம் பழகவில்லை. ஆம் என்றோம்.

அவள் அழவில்லை. அந்திதோறும் தூபக்கால் வந்தபோது பொறியின் முன் அமர்ந்திருந்தவள் தானே என்றும், புகை எவருக்குக் காட்டப்பட்டது என்பதை முதல்நாளே அறிந்ததாகவும், இருமலை அடக்கிக்கொண்டு அமர்ந்திருந்தால் ஒருநாள் அது நிற்கும் என்று எண்ணியதாகவும் கூறினாள். பின்னர், கொணர்ந்த பல்லக்கு வீணாக வேண்டாம், தானே ஏறிச் செல்வதாகச் சொல்லி விடை கேட்டாள். தேன் விழாவுக்கு மறுத்த விடையை இம்முறை கொடுத்தோம்.

சம்பந்தியாரே, எமக்கு வெட்கமாக இருக்கிறது. கண்ணேறு என்று யாம் துரத்தியது அப்பொறியை அன்று. எம் மகன் எம்மைக் காட்டிலும் மிகுதியாக ஒருத்தியை நோக்கிச் சிரிக்கக் கண்ட நாளிலிருந்து அவளைத்தான் துரத்தினோம். காற்று திரும்பியதும் அவன் கரையேறுவான். நறுவீ எங்கே என்பதே அவனது முதற்கேள்வியாக இருக்கும்.

இவ்வோலை குதிரையில் வருவதால் பல்லக்கை முந்தும். அவளை வாயிலில் எதிர்கொள்க. தேன் விழா முடியும்வரை எதுவும் கேளாதிருக்க. ஓலையின் இறுதியில் ஆணை எழுதுவது மரபு. அவ்விடத்தை வெறுமையாக விட்டிருக்கிறோம். எம் மருமகள் அதில் எதை எழுதி அனுப்பினாலும் அதற்கு ஆழித்துறை நாடு கீழ்ப்படியும். வரமாட்டேன் என்று எழுதினாலும் கீழ்ப்படியும். தூபக்கால்களை எல்லாம் இன்றே கொல்லைக்கு அனுப்பிவிட்டோம்.

இன்னொன்றும் உண்டு. அவள் பொறியை அணைக்காமல் சென்றுவிட்டாள். அதை அணைக்கும் முறை இங்கே எவருக்கும் தெரியாது. தெரிந்தாலும் யாம் தொட விடோம். அது எம் எதிரே ஒளிர்ந்துகொண்டிருக்கிறது. திரும்பி வந்து தானே அணைக்கலாம் என்றுதான் விட்டுச் சென்றாளோ என ஐயுறுகிறோம். எம் வாழ்நாளில் யாம் கொண்ட ஐயங்களுள், மெய்யாக வேண்டுமென்று விரும்புவது இது ஒன்றே.

இங்ஙனம் சொல்லியவர் திரைவென்ற நாச்சியார். எழுதியவன் ஓலைநாயகம் உப்பூரன். சங்கு முத்திரையை எம் கையாலேயே வைத்தோம்.