தீ தொடாத வீட்டை இடித்தவள்

நான் ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டிராத என் அன்பானவருக்கு,

நம் வீடு இப்போது இல்லை. மற்றவர்கள் வாயால் நீங்கள் கேட்கக் கூடாது என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எரிந்து போகவில்லை. நான்தான் இடித்தேன்.

வீட்டுக்குள் பேச வேண்டியதைப் பத்திரிகையில் எழுதுகிறாளே என்று கோபிக்காதீர்கள். நம் கம்பத்துக் குடியிருப்பு முழுக்க இதே பேச்சு. சிராங்கூன் சாலைக் கடைகளில் வெற்றிலை வாங்கப் போனாலும் இதே பேச்சு. பேசுகிறவர்கள் என் பக்கத்தையும் கொஞ்சம் படிக்கட்டும்.

துறைமுகத்து வேலை முடிந்து வந்ததும் தீத்தடுப்புத் தொண்டர் படை என்று நீங்கள் கிளம்புவீர்களே, அப்போதெல்லாம் எனக்கு எரிச்சலாக வரும். சம்பளம் இல்லாத உத்தியோகம். அதற்கு அதிகாரம் மட்டும் நிறைய. "வாசல்ல ஒரு வாளி தண்ணி இருக்கா? நனைச்ச சாக்கு இருக்கா?" என்று வீடு வீடாகப் போய் எட்டிப் பார்ப்பீர்கள். குழாயடியில் சண்டை போட்டுப் பிடித்த தண்ணீரை வாசலில் சும்மா வைத்திருக்க எந்தப் பெண்ணுக்கு மனம் வரும்? நம் வாசல் வாளியில் நான் அரிசி களைந்தது உங்களுக்குத் தெரிந்திருந்தால் என்னையும் பிடித்து அதட்டியிருப்பீர்கள்.

பிறகு உங்கள் படையின் அந்தக் கூட்டம். திரும்பி வந்து, ரசம் ஊற்றிச் சாப்பிட்டு முடித்துவிட்டுத்தான் பேச்சை எடுத்தீர்கள். அத்தாப்பு ஓலைக் கூரைகள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு நிற்கிற வரிசை இது, ஒரு முனையில் தீ பிடித்தால் நடுவில் ஒரு வீட்டைப் பிரித்துப் போட்டால்தான் மீதி வீடுகள் பிழைக்கும் என்றீர்கள். எந்த வீடு என்று கேட்டபோது கூட்டத்தில் ஒருவரும் தன் வீட்டைத் தர முன்வரவில்லையாம். வரிசை குறுகுகிற இடத்தில் ஒரு பக்கம் கால்வாயும் மறுபக்கம் பந்து விளையாடும் திடலும் இருக்க, நடுவே நிற்பது நம் வீடு ஒன்றுதானாம். "அதான் நம்ம வீட்டைக் கொடுத்துட்டேன்" என்றீர்கள், ஏதோ பக்கத்து வீட்டுக்கு உறை மோர் கொடுத்ததைப் போல!

என்னைக் கேட்காமல் எப்படிக் கொடுத்தீர்கள்? அதன்பிறகு வெகுநாள் நான் உங்களிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அது நியாயம்தான் என்று இன்றும் சொல்கிறேன்.

போன மழைக்காலத்தில் காமாலை உங்களைக் கொண்டுபோயிற்று. தீயோடு மல்லுக்கு நிற்கக் காத்திருந்த மனிதர் மஞ்சள் பூத்த கண்களோடு படுத்துக் கிடந்ததை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆத்திரம் வருகிறது. யார் மேல் என்று கேட்காதீர்கள்.

பொங்கல் கழிந்து வெயில் காய்ந்துகொண்டிருந்தபோது அது வந்தது. மேட்டுப்பக்கத்தில் ஒரு வீட்டில் மண்ணெண்ணெய் அடுப்பு கவிழ்ந்துவிட்டது. தகர டின்னைத் தட்டும் சத்தம் கேட்டு வெளியே ஓடினால், காற்று நேராக நம் பக்கம் அடிக்கிறது. நல்ல பகல். ஆண்கள் எல்லோரும் வேலைக்குப் போயிருந்தார்கள். உங்கள் படையில் அன்று கம்பத்தில் இருந்தவர் மாரிமுத்து அண்ணன் மட்டும்தான். அவருக்கும் ராத்திரி ஷிப்டு என்பதால் தூக்கத்திலிருந்து எழுந்து வந்தார்.

"பொறு தங்கச்சி. தீயணைப்பு வண்டி வந்துரும் லா. காத்து மாறினாலும் மாறும்" என்றார்.

"மாறலைன்னா?"

"பார்த்துட்டு இடிக்கலாம்."

"பார்த்துட்டு இடிக்க நேரம் இருக்காது அண்ணே. வீடு பத்தி எரியும்போதா கிணறு வெட்டுவாங்க? வடத்தை எடுங்க."

அவர் நகரவில்லை. புருஷனை இழந்தவளின் வீட்டில் கை வைக்க அவருக்கு மனம் வரவில்லை, பாவம். நீங்கள் துறைமுகத்திலிருந்து கொண்டுவந்து போட்ட அந்தக் கப்பல் வடத்தை நானே இழுத்து வந்து நடுத்தூணில் கட்டினேன். நம் மகள் செல்வியும் மளிகைக்கடை காதர் பாயும் தையல் மெஷினையும் அரிசி டின்னையும் வெளியே தூக்கினார்கள். வடத்தில் முதலில் கை வைத்தது பக்கத்து வீட்டுச் சீனத்து அம்மா ஆ சோ. "தாரிக்! தாரிக் லா!" என்று, இழுக்கச் சொல்லி மலாயில் அவர் போட்ட கூச்சலில் மற்றப் பெண்களும் ஓடி வந்து பிடித்தார்கள். தேர் வடம் இழுக்கிற மாதிரி இழுத்தோம். தூண் சாய்ந்தது. கூரை அப்படியே குப்புற விழுந்தது. ஓலையை எல்லாம் வாரிக் கால்வாய்க்கு அந்தப் பக்கம் எறிந்தோம்.

புழுதி அடங்குவதற்குள் காற்று திரும்பிவிட்டது.

ஆமாம், திரும்பிவிட்டது. நம் வீடு இருந்த இடத்துக்கு ஒரு பொறிகூட வரவில்லை. வண்டி வந்து மேட்டுப்பக்கத்திலேயே தீயை அணைத்தது. அங்கே சில வீடுகள் போயின. நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை. நான் மண்ணில் உட்கார்ந்து அழுதேன். சந்தோஷமா, வயிற்றெரிச்சலா? இரண்டும்தான், மறைப்பானேன்.

மறுநாள் குழாயடியில் என் காதுபடவே சிரித்தார்கள். "தீயே விட்டுட்டுப் போன வீட்டை இவ விடலையே" என்றாள் ஒருத்தி. எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம் என்பார்கள். நான் எரியாத வீட்டைப் பிடுங்கிப் போட்டவள், எனக்கு என்ன லாபம் என்று கேட்டாள் இன்னொருத்தி. உதவிப் பொருள் கொண்டுவந்தவரும் தன் பங்குக்குச் சொன்னார். "எரிஞ்ச வீட்டுக்குத்தாம்மா அரிசியும் பாயும். உங்க வீட்டை நீங்களே இடிச்சுட்டீங்களே."

"அப்படியா சார்? அடுத்த தடவை இடிக்க வேண்டியவகிட்டயும் இதையே சொல்வீங்களா? சொன்னா எவ இடிப்பா?" என்று கேட்டேன். நல்ல மனிதர்தான், தலையைச் சொறிந்துகொண்டு போனார்.

எனக்குப் பயமே அதுதான். அரிசி போனால் காதர் பாய் கடனுக்குத் தருவார். ஆனால் என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பில் இனி ஒருவரும் வீடு கொடுக்க முன்வர மாட்டார்கள். அடுத்த தீயில் எல்லோரும் காற்றைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். நான் பயந்தபடியே படையின் கூட்டத்தில் பேச்சு எழுந்தது. பெண்கள் போகாத கூட்டம். நான் செல்வியையும் ஆ சோவையும் கூட்டிக்கொண்டு போய் முன்வரிசையில் உட்கார்ந்தேன்.

"அஞ்சலை பட்ட பாட்டைப் பார்த்தோம். இனிமே வீடு இடிக்கிற பேச்சே வேணாம்" என்றார் மாரிமுத்து அண்ணன். பிறகு என்னைத் தேற்றுவதாக நினைத்து, "புருஷன் கொடுத்த வாக்கைக் காப்பாத்திட்டே தங்கச்சி, அது போதும்" என்றார்.

எனக்கு வந்ததே கோபம்! "அவர் வாக்கு அவரோட போச்சு அண்ணே. அன்னைக்கு வீட்டைக் கொடுத்தது நான். என் வீடு, நான் கொடுத்தேன்" என்றேன். உங்களுக்கும் சேர்த்துத்தான் சொன்னேன், கேட்டுக்கொள்ளுங்கள்.

"காத்து திரும்பினது நம்ம அதிர்ஷ்டம். அதிர்ஷ்டத்தை நம்பியா இத்தனை பிள்ளைங்களைத் தூங்க வைக்கிறீங்க? திட்டம் இருக்கட்டும். ஆனா இடிச்ச வீட்டை ஊர் சேர்ந்து கட்டிக் கொடுக்கணும், தீ வந்தாலும் வராட்டியும். அப்புறம், பகல்ல கம்பத்துல இருக்கிறது நாங்க. எங்களையும் படையில சேருங்க."

செல்வி மலாயில் எடுத்துச் சொன்னதும் ஆ சோ கையைத் தூக்கினார். பிறகு காதர் பாய். பிறகு, குழாயடியில் சிரித்தவளின் புருஷன். கடைசியில் மாரிமுத்து அண்ணனும் தூக்கினார், மனமில்லாமல்தான்.

இப்போது நானும் செல்வியும் தேக்காவில் தம்பி வீட்டு மாடியறையில் இருக்கிறோம். அரசாங்க அடுக்குமாடி வீட்டுக்கு மனு எழுதிப் போடச் சொல்லித் தம்பி நச்சரிக்கிறான். போகிற காலம் வந்தால் போவேன், இப்போது இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் கம்பமே கூடி, அதே இடத்தில் வீடு கட்டுகிறது. மாரிமுத்து அண்ணன் ஆணியோடு வந்தார்.

"ஆணி அடிச்சாத்தான் தங்கச்சி பலமா நிக்கும்."

"ரொம்பப் பலமா நிக்க வேணாம் அண்ணே. இழுத்தா வரணும்."

என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு ஆணிப் பையை ஓரமாக வைத்துவிட்டு, உருவினால் அவிழ்கிற மாதிரி கயிற்றால் கூரையைக் கட்ட ஆரம்பித்தார். பகல் படைக்கு இப்போது நான்தான் தலைவி. வாளி பார்க்கப் போனால் என்னையும் திட்டுகிறார்கள். திட்டட்டும்.

உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுத்து முடிக்கிறேன். இந்த வீட்டிலும் விளக்கேற்றுவேன், சமைப்பேன், நம் மகளுக்குக் கல்யாணம் பண்ணுவேன். மறுபடி தகரம் தட்டுகிற சத்தம் கேட்டால், மறுபடி இடிப்பேன். அந்தத் தடவையும் தீ வராமல் போனால், ஊர் சிரிக்கட்டும். சிரிக்க ஊர் இருக்கிறதே, அது போதும் எனக்கு.

உங்களோடு இன்னும் கோபம் தீராத உங்கள் மனைவி,
அஞ்சலை