மரகதத்தின் கடற்பூ

செவ்வாய். விடாத மழை.

என் மனைவி மரகதம் கண்ணாடித் தொட்டியில் வளர்த்த கடற்பூ, பூப்போல விரியும் அந்தக் கடல் பிராணி, செத்துவிட்டது. அழுகியதை எடுத்துப் போட்டேன். மணலில் அது தன்னைச் சுற்றிக் கட்டிக் குடியிருந்த குழாய் மட்டும் நிற்கிறது.

அவள் ஆஸ்பத்திரிக்குப் போனதிலிருந்து தொட்டியை நான்தான் பார்த்தேன். தண்ணீர் குறையும்போதெல்லாம், அவள் தம்பி நீர்கொழும்பிலிருந்து கேனில் கொண்டுவந்த கடல் தண்ணீரை ஊற்றினேன். கடல் உயிருக்குப் பைப்புத் தண்ணீரா என்று நினைத்தேன்.

கெலிஓயா ஊரில் மீன்தொட்டிக் கடை வைத்திருக்கும் நானா, நான் சொன்னதைக் கேட்டு இன்று தலையில் அடித்துக்கொண்டார்.

"தண்ணிதான் ஆவியாப் போகும், உப்பு போகாது அண்ணே. குறையிறதுக்கு நல்ல தண்ணி ஊத்தணும். நீங்க உப்பு மேல உப்பு சேத்திருக்கீங்க."

மாலையில் வார்டுக்குள் நுழைந்ததுமே மரகதம் கேட்டாள்.

"பூ விரியுதாங்க?"

"நல்லா விரியுது."

"நாளைக்கு வீட்டுக்குப் போகலாம்னு டாக்டர் சொல்லிட்டாரு. என் கட்டிலத் தொட்டிப் பக்கத்துல போட்டுருங்க."

இனி வைத்தியத்தால் பலனில்லை என்றுதான் டாக்டர் அனுப்புகிறார். அதை அவளிடம் யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

கட்டிலை நகர்த்திப் போட்டுவிட்டேன். பகலில் பூ குழாய்க்குள் ஒடுங்கிக் கிடக்கும், இருட்டினால்தான் விரியும் என்பது அவளுக்குத் தெரியும். இருட்டுவதற்குள் மாத்திரை அவளைத் தூங்கவைத்துவிடும்.

அதுவரை குழாய் போதும்.