உவர்த் தண்ணீரும் உங்கள் பிகோனியாவும்

இன்று காலை உங்கள் பிகோனியாப் பூச்சாடியில் சிவந்த குருத்து ஒன்று மடிப்பவிழாமல் நிற்பதைக் கண்டேன். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டு மறுபடியும் பார்த்தேன். குருத்துத்தான். அப்படியே கதிரையில் உட்கார்ந்துவிட்டேன்.

நீங்கள் ஐப்பசியில் கண்ணை மூடினீர்கள். கார்த்திகையில் மழை பிடித்தது. நுவரெலியாவில் உத்தியோகம் முடிந்து வரும்போது ரயிலில் மடியில் வைத்துக் கொண்டுவந்தீர்களே, அந்தச் செடியின் வழிவந்தவை ஆறு சாடிகள். மழைக்கு அவற்றை நீங்கள் முற்றத்திலேயே விட்டுவைப்பதை அலட்சியம் என்றுதான் நினைத்திருந்தேன். ஆறையும் ஹோலுக்குள் எடுத்து வரிசையாக வைத்தேன். தினமும் காலையில் எங்கள் கிணற்றுத் தண்ணீர், சாடிக்கு ஒரு தகரப் பேணி நிறைய. ஒருநாளும் தவறவில்லை.

தை பிறந்தபோது மூன்று செத்துவிட்டன. மற்றவற்றின் இலை விளிம்புகள் நெருப்புப் பட்டதுபோலக் கருகி, மண்ணின் மேல் வெள்ளையாய் ஏதோ பூத்திருந்தது. உங்கள் கையால் வளர்ந்து உயிரோடு மிஞ்சியவை அவை மட்டும்தான். அவற்றையும் நானே கொல்கிறேன் என்ற எண்ணம் என்னைச் சாப்பிட விடவில்லை.

மிஞ்சிய மூன்றையும் முற்றத்துக்குத் தூக்கி வந்தபோது வேலிக்கு அப்பாலிருந்து குரல் கேட்டது. பக்கத்து வீட்டுக்காரி. வேலியை ஒரு சாண் தள்ளிப் போட்டார்கள் என்று பதினொரு வருடமாக நான் முகம் பாராத அதே மனுசி.

"அக்கா, உதுக்கு உங்கடை கிணத்துத் தண்ணியோ விட்டனீங்கள்?"

"ஓம். ஏன், எங்கடை தண்ணிக்கு என்ன குறை?"

"உவர் அக்கா, உவர்! மழை பட்டிருந்தாலும் உப்பைக் கழுவிக்கொண்டு போயிருக்கும். மழையையும் மறிச்சு, உப்புத் தண்ணியையும் ஊத்த உது என்ன கருவாடே? அண்ணை பின்னேரத்திலை எங்கடை கிணத்திலையெல்லோ ரெண்டு வாளி அள்ளிக்கொண்டு போறவர். 'மனுசிக்குச் சொல்லிப்போடாதையுங்கோ' எண்டவர்."

அந்தச் சண்டையோடு, ஆள் நுழையும் வேலிப் பொட்டை அடைக்கச் சொன்னவள் நான். வீட்டுக்குப் பின்னால் கோடிப்புறம் போய்ப் பார்த்தேன். இரண்டு தென்னோலைக் கிடுகுகள் கட்டாமல் சும்மா சாத்தியிருந்தன. "நீர் செபமாலையைத் தொடங்கும், நான் தண்ணி விட்டிட்டு வாறன்" என்பீர்கள். பாதி முடிந்தபின் மூச்சு வாங்க வந்து முழந்தாளிடுவீர்கள். பக்தி போதாதென்று எத்தனை நாள் உங்களைக் கடிந்திருக்கிறேன்!

கோபம் வரவில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் செடிகள் வெயிலில் இருந்தன. கிடுகை விலக்கி, "ஒரு வாளி தண்ணி தருவியளோ?" என்று கேட்டேன். கான்வென்டில் மதர் முன்னால் மன்னிப்புக் கேட்டபோதும் என் நாக்கு இப்படி ஒட்டிக்கொண்டதில்லை.

"உதுக்கும் கேக்க வேணுமே? வாங்கோ."

சாடியின் அடியால் ஒழுகும்வரை ஊற்றினேன். முதல் மூன்று நாளும் அப்படியே. கருகியதை நறுக்கி நிழலில் வைத்தேன். இன்று குருத்து. மற்ற இரண்டிலும் தண்டு பச்சையாகவே இருக்கிறது. இனிப் பயமில்லை.

இப்போது பின்னேரங்களில் வாளி தூக்குவது நான். நேற்றும் அரைவாசி சிந்திவிட்டது. "அக்கா, தண்ணி பூமரத்துக்கோ, சீலைக்கோ?" என்று அவள் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நீங்கள் பதினொரு வருடம் இதே வழியால் கொண்டுவந்திருக்கிறீர்கள். நிலத்தில் ஒரு துளி ஈரம்கூட என் கண்ணில் பட்டதில்லை.