காணாமற்போகாத கைத்தொலைபேசி

அனுப்புநர்:
ஹஸீனா முனாஸ்,
புன்னைக்குடா வீதி,
ஏறாவூர்.

பெறுநர்:
பொறுப்பதிகாரி அவர்கள்,
சிறுவர் மற்றும் பெண்கள் பணியகம்,
பொலிஸ் நிலையம்,
ஏறாவூர்.

விடயம்: கைத்தொலைபேசி தொலைந்ததாக நான் தந்த பொய் முறைப்பாட்டை இரத்துச் செய்து, அதே தொலைபேசி வழியாக என் மகளை அணுகிய அந்நியன் மீது நடவடிக்கை எடுக்குமாறு வேண்டுதல்

மதிப்பிற்குரிய ஐயா,

1. சென்ற மாதம் தங்கள் நிலையத்துக்கு வந்து, என் கைத்தொலைபேசி சந்தையில் தொலைந்துவிட்டதாக முறைப்பாடு செய்தவள் நான். அது தொலையவில்லை. நான் தங்கள் நிலையத்தில் அமர்ந்து பொய் சொன்ன நேரத்தில் அது எங்கள் வீட்டு அரிசி வாளிக்குள் துணியில் சுற்றியபடி கிடந்தது. இம்மனுவுடன் அதைத் தங்களிடம் ஒப்படைக்கிறேன். அதிலிருந்து ஒன்றையும் அழிக்கவில்லை.

2. என் மகளுக்குப் பத்து வயது. அவளுடைய பெயரை இதில் எழுதவில்லை, நேரில் சொல்வேன். ஊர் முழுக்க அறியும்படி தானே பரப்பிய பெயரை இந்தத் தாய் இப்போது மூடி வைக்கிறாளே என்று தாங்கள் நினைத்தால், அது சரிதான்.

3. இவ்வருடம் தரம் ஐந்து புலமைப்பரிசில் பரீட்சையில் அவள் வெட்டுப்புள்ளிக்கு மேல் எடுத்துப் பாஸானாள். எங்கள் ஊர் வழக்கம் தாங்கள் அறியாததல்ல. பெறுபேறு வந்த கையோடு, பிரத்தியேக வகுப்பு நடத்தும் ஆசிரியரான சேர், சித்தியடைந்த பிள்ளைகளின் படங்களை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றின் கீழும் பிள்ளையின் பெயர், பாடசாலை, தகப்பன் பெயர், புள்ளி எல்லாம் போட்டுச் சமூக ஊடகத்தில் விட்டார். சொந்தக்காரரும் அயலவரும் கடைக்காரரும் அதையே எடுத்துப் போட்டு மாஷா அல்லாஹ் என்றார்கள். நான் அதோடு நின்றேனா? அபாயா தைத்துக் கொடுக்கும் தொழிலுக்காக நான் அங்கே வைத்திருக்கும் பக்கத்திலும் அதைப் போட்டு, கட்டாரில் கஷ்டப்படும் வாப்பாவுக்கு மகள் கொடுத்த பரிசு என்று மேலே எழுதியும் வைத்தேன். அந்தப் பக்கத்தில் என் இலக்கம் கொட்டை எழுத்தில் இருக்கிறது. பிள்ளை வகுப்புக்குப் பாவிப்பதும் அதே தொலைபேசிதான். வீட்டுத் திறப்பைக் கொடுத்து வழியும் காட்டிவிட்டு, கள்ளன் வந்தான் என்று யாரிடம் போய் அழுவது?

4. என் கணவர் கட்டாரில் நம் பகுதி ஆட்கள் பலரோடு ஒரே அறையில் இருக்கிறார். அவர் வீடியோவில் பேசும்போது பின்னால் யார் தெரிந்தாலும் பிள்ளைகள் ஸலாம் சொல்ல வேண்டும், வாப்பாவின் தம்பி முறையாகச் சாச்சா என்று கூப்பிட வேண்டும். இதை மரியாதை என்று பழக்கியவள் நான். ஆகவே ஒருவன் ஒரு செயலியில் வந்து, ‘மகள், நான் வாப்பாட றூமில இருக்கிற சாச்சா, நீங்க பாஸானதுக்கு எல்லாரும் சேந்து டெப் ஒண்டு அனுப்பப் போறம், வாப்பா சொல்லும் வரைக்கும் உம்மாட்டச் சொல்லிராதீங்க’ என்றபோது அவள் நம்பிவிட்டாள். ஒருநாள் ஆண்குரல் கேட்டு, யாரது, மகள் என்றேன். சாச்சா என்றாள். நான் தையல் மெஷினை விட்டு எழும்பாமலே அவனுக்கு ஸலாம் சொன்னேன். அவனும் வடிவாகப் பதில் சொன்னான்.

5. டெப்புக்கு, அதாவது அந்தக் கையடக்கக் கணினிக்கு, பதிய வேண்டும் என்று படம் கேட்டான். பிறகு தலை மூடாத படம் கேட்டான். அனுப்பினாள். அதற்குப் பிறகு, அந்தப் படத்தை வாப்பாவுக்கும் சேருக்கும் காட்டுவேன் என்று வெருட்டி, வேறு விதமான படங்கள் கேட்டான். அவனுடைய சொற்களை எழுத எனக்குக் கை வரவில்லை, தொலைபேசியில் இருக்கின்றன. அவள் அவற்றை அனுப்பவில்லை. தொலைபேசி மணி அடித்தாலே அறைக்குள் போய்க் கதவைச் சாத்தத் தொடங்கினாள். வற்புறுத்திக் கேட்டபோதுதான் அழுதுகொண்டு சொன்னாள்.

6. தொலைபேசியைப் பிள்ளையின் கைக்கு எட்டாமல் அரிசி வாளிக்குள் ஒளித்துவிட்டு, அன்றே தங்களிடம் ஓடி வந்தேன். காத்திருப்போர் வாங்கில், எங்கள் ஒழுங்கையில் நாலு வீடு தள்ளி இருக்கும் சித்தி நபீஸா என்பவர் இருந்தார், அடையாள அட்டையைத் தொலைத்துவிட்டு வந்தவர். நல்ல மனுசி, ஆனால் அவர் காதில் விழுவது அஸர் தொழுகைக்கு முன் ஒழுங்கை முழுக்கப் போய்விடும். பெண் உத்தியோகத்தர் என்ன விடயம் என்று கேட்டார். போன் துலைஞ்சிட்டு என்று என் வாய் சொல்லிற்று. அந்த உத்தியோகத்தர் பிள்ளை பொறுமையாக எழுதி, குடிக்கத் தண்ணீரும் தந்தது. நபீஸா, எல்லாம் ஹைராகும் என்று எனக்காகத் துஆவும் கேட்டார். நானும் ஆமீன் என்றேன்.

7. நடந்ததைச் சொன்னபோது, தன் அறையில் அப்படி ஒருவனும் இல்லை என்றார் என் கணவர். ‘பொம்புளப் புள்ளட விசயம், வெளிய போனா நாளைக்கு ஆரு கேட்டு வருவாங்க’ என்று அவரும் சொன்னார். அவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. எனக்கும் அதுதான் வசதியாக இருந்தது.

8. சேர் போட்ட அந்தப் பட வரிசையில் என் மகளுக்குப் பக்கத்தில் இருக்கும் பிள்ளையின் தாய், கல்யாண வீட்டுக்கு அபாயா தைக்க என்னிடம் வந்தார். அளவு எடுக்கும்போது, கட்டாரில் இருக்கும் ஒரு சாச்சா டெப் அனுப்பப் போவதாகத் தன் மகள் தங்கச்சியிடம் குசுகுசுப்பதைக் கேட்டாராம். அங்கேயே இருக்கும் தன் புருஷன் இரகசியமாகச் செய்யும் வேலை என்று எண்ணி, தெரியாததுபோல் இருக்கிறாராம். சிரித்துச் சிரித்துச் சொன்னார். நான் அளவு நாடாவைப் பிடித்துக்கொண்டு, கை நீளம் இது போதுமா என்று கேட்டேன். ஐயா, உண்மையாக அப்படித்தான் கேட்டேன். அவர் படலையைத் தாண்டிய பிறகுதான் எனக்கு மனம் வந்தது. பின்னால் ஓடிப் போய்ச் சொன்னேன். ‘இதச் சொல்லாம இவ்வளவு நாளும் வாய்க்குள்ள கொழுக்கட்டையா வெச்சிருந்தாய்’ என்று கேட்டுவிட்டு, திரும்பி வந்து துணியையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார். இப்போது என்னோடு கதைப்பதில்லை. அந்தப் பிள்ளை படம் ஒன்றும் அனுப்பியிருக்கவில்லை என்பது மட்டும்தான் எனக்குள்ள ஆறுதல்.

9. அவன் அந்த வரிசையைப் பார்த்தே ஒவ்வொரு பிள்ளையாகப் போகிறான். அதில் இன்னும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

10. ஆகவே என் பொய் முறைப்பாட்டை இரத்துச் செய்து உண்மையைப் பதியுமாறும், அவன் யாரென்று கண்டுபிடித்து நிறுத்துமாறும் பணிவுடன் கேட்கிறேன். பொய் சொன்னதற்குத் தண்டனை உண்டென்றால் வாங்கிக்கொள்வேன். என் மகளை விசாரிப்பதாயின், பெண் உத்தியோகத்தர் ஒருவரைச் சாதாரண உடையில் வீட்டுக்கு அனுப்புமாறு வேண்டுகிறேன், முடிந்தால் அன்று தண்ணீர் தந்தவரையே. அந்தப் பெறுபேற்றுப் படங்களை எல்லா இடத்திலிருந்தும் எடுக்கச் சொல்லுங்கள். இனிமேல் பிள்ளையின் பாடசாலை, தகப்பன் பெயர், முகம் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுக் காட்ட வேண்டாம் என்று பாடசாலைகளுக்கும் வகுப்பு நடத்துவோருக்கும் அறிவியுங்கள். தாய்மாரைக் கூப்பிட்டு எடுத்துச் சொல்லும் கூட்டம் வைத்தால் நான் வந்து முன்னால் இருப்பேன். சித்தி நபீஸாவும் வரட்டும்.

11. மேசையில் இருந்த பரிசுக் கேடயத்தை மகள் எடுத்து அலுமாரிக்குப் பின்னால் வைத்துவிட்டாள். நான் பாஸாகாமல் இருந்திருந்தால் இது நடந்திருக்காதுதானே உம்மா என்று கேட்டாள். உன்னில் ஒரு பிழையும் இல்லை மகள் என்றேன். ‘அப்ப ஏன் பொலிசில போன் துலைஞ்ச எண்டு சொன்னீங்க?’ என்றாள்.

திருத்திய முறைப்பாட்டின் பிரதியொன்றைத் தந்தால், கொண்டுபோய் அவள் கையில் கொடுப்பேன்.

தங்கள் தயவை நாடி நிற்கும்,

(ஒப்பம்) ஹஸீனா முனாஸ்

ஏறாவூர்,
2025.10.21